குரோமேட்டின் களங்கள்

குரோமேட்டின் களங்கள் என்பவை மனிதக் குரோமோசோம் நெடுகிலும், டிஎன்ஏவும் புரதங்களும் சேர்ந்த குரோமேட்டின் இழை தனித்தனியே மடிந்து உருவாக்கும் பகுதிகள். ஒரே களத்துக்குள் உள்ள டிஎன்ஏ துண்டுகள் அடிக்கடி ஒன்றையொன்று தொடுகின்றன; எல்லை தாண்டி அடுத்த களத்தைத் தொடுவது குறைவு. எந்த மரபணுவை எந்தத் தூண்டல் வரிசை இயக்கும் என்பதில் இந்த எல்லைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அடிப்படை அமைப்பு

மனித உயிரணு ஒன்றின் 46 குரோமோசோம்களிலும் உள்ள டிஎன்ஏவை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அதைத் தாங்கும் உட்கருவின் குறுக்களவோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளையை ஏறத்தாழ 147 கார இணை நீளமுள்ள டிஎன்ஏ சுற்றிக்கொள்வது நியூக்ளியோசோம். இதுவே மடிப்பின் முதல் படி. அடர்த்தியாகச் சாயமேறும் பகுதியை ஹெட்டிரோகுரோமேட்டின் என்றும், வெளிறித் தெரியும் பகுதியை யூகுரோமேட்டின் என்றும் 1928இல் எமில் ஹைட்ஸ் பிரித்தறிந்தார்.

படிநிலைகள்

உட்கருவில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனி இடம் உண்டு. மரபணுக்கள் குறைந்த 18ஆம் குரோமோசோம் பெரும்பாலும் ஓரத்திலும், மரபணுக்கள் செறிந்த 19ஆம் குரோமோசோம் உட்பகுதியிலும் இருக்கும். உட்கரு உறையின் உட்புறப் புரத வலையை ஒட்டியிருக்கும் 1,300க்கும் மேற்பட்ட களங்கள் 2008இல் வரையறுக்கப்பட்டன. அவற்றிலுள்ள மரபணுக்கள் பெரும்பாலும் அடங்கியே இருக்கும்.

2009இல் வெளியான ஹை-சி முறை, அருகருகே உள்ள டிஎன்ஏ துண்டுகளை ஒட்டவைத்து, அவற்றின் வரிசையைப் படித்து, எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று கணக்கிடுகிறது. இயங்கும் பகுதிகள் தமக்குள்ளும் அடங்கிய பகுதிகள் தமக்குள்ளும் கூடுவதை அது காட்டியது. 2012இல், பல லட்சம் கார இணைகள் நீளமுள்ள இடவியல் களங்கள் தெரியவந்தன. 2014இல், குரோமேட்டின் இழை வளைந்து உருவாக்கும் ஏறத்தாழ 10,000 வளையங்களைக் கொண்ட வரைபடம் வெளியானது.

களம் உருவாகும் விதம்

கொஹீசின் எனும் வளைய வடிவப் புரதத் தொகுதி டிஎன்ஏவைப் பற்றி இழுக்க, வளையம் பெரிதாகிக்கொண்டே போகும். டிஎன்ஏவில் சிடிசிஎஃப் புரதம் அமர்ந்துள்ள இடத்தில் கொஹீசின் நின்றுவிடும். பெரும்பாலான வளையங்களின் இரு முனைகளிலும் சிடிசிஎஃப் அமரும் வரிசைகள் ஒன்றையொன்று நோக்கியே இருக்கின்றன. 2017இல் கொஹீசினை அழித்துப் பார்த்தபோது இந்த வளையங்கள் மறைந்தன. இயங்கும் பகுதியும் அடங்கிய பகுதியும் தனித்தனியே கூடுவது மட்டும் நீடித்தது. உயிரணு பிரியும் வேளையில் களங்கள் கலைந்து, சேய் உயிரணுக்களில் மீண்டும் அமைகின்றன.

எல்லை தகர்ந்தால்

இபிஎச்ஏ4 மரபணுவைச் சுற்றியுள்ள களத்தின் எல்லை குலைந்த குடும்பங்களில் விரல் குறுகுதல், மிகை விரல் போன்ற பிறவிக் குறைபாடுகள் தோன்றுவதை 2015இல் வெளியான ஆய்வு விளக்கியது. கை கால் வளர்ச்சிக்கான தூண்டல் வரிசைகள் எல்லை தாண்டி, பிஏஎக்ஸ்3 போன்ற அண்டை மரபணுக்களை வேண்டாத இடத்தில் இயக்கிவிட்டன. அதே ஆய்வில், எல்லையைத் தொடாமல் டிஎன்ஏ நீக்கப்பட்ட எலிகளுக்கு இக்குறை வரவில்லை. ஆகவே பரம்பரை நோயின் காரணத்தைத் தேடும்போது, மரபணுவின் எழுத்துகளோடு அது குடியிருக்கும் களத்தின் எல்லையையும் பார்த்தாக வேண்டும்.