எதிரே வருபவருக்கும் ஒரு பங்கு

நான்குவழிச் சாலைகளின் நடுத்தடுப்பில் நெடுகிலும் அரளி பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, வண்டிப் புகையைத் தாங்கும் என்பதால் அரளிக்கு அந்த இடம் கிடைத்தது. பகலில் அது அழகு. ராத்திரியில் அதற்கு வேறு வேலை இருக்கிறது: எதிர்ப்பக்கம் வரும் வண்டியின் ஹெட்லைட் நம் கண்ணில் அடிக்காமல் மறைக்க வேண்டும். ஒரு விளக்கை மறைக்கக் கிலோமீட்டர் கணக்கில் செடி நட வேண்டியிருக்கிறது என்றால், அந்த விளக்கு எங்கே புறப்பட்டு இங்கே வந்து சேர்ந்தது என்று கேட்கத் தோன்றும்.

ஆரம்பத்தில் அதனால் யாருக்கும் கண் கூசவில்லை. முதல் தலைமுறை கார்களில் இருந்தவை குதிரைவண்டிக்குச் செய்யப்பட்ட மெழுகுவர்த்தி விளக்குகளும் மண்ணெண்ணெய் விளக்குகளும்தான். நம் மாட்டுவண்டியின் அடியில் ஆடிக்கொண்டே வரும் அரிக்கேன் போல, ‘வண்டி வருகிறது’ என்று மற்றவருக்குச் சொல்லும். ஓட்டுபவருக்கு வழி காட்டாது. பிறக்கும்போது கார் விளக்கு முழுக்க முழுக்க எதிரே வருபவருக்கானதாகத்தான் இருந்தது.

வேகம் கூடியதும் அது போதவில்லை. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்பைட் விளக்கு வந்தது. மாங்காயைத் திருட்டுத்தனமாகப் பழுக்கவைக்கிறார்களே, அதே கார்பைட் கல்தான். அதன்மேல் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலின் வாயு வரும். பற்றவைத்தால் வெள்ளை வெளேரென்று எரியும். காற்றுக்கும் மழைக்கும் எளிதில் அணையாது. ஒவ்வொரு மாலையும் வண்டியை நிறுத்தி, இறங்கி, தண்ணீர்க் குழாயைத் திறந்து, தீக்குச்சி கிழிக்க வேண்டும். 1904-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் தொடங்கிய பிரஸ்ட்-ஓ-லைட் நிறுவனம் அந்த வாயுவைச் சிலிண்டரில் அடைத்து விற்று நிறையச் சம்பாதித்தது.

மின்விளக்கும் ஏறக்குறைய அதே காலத்தில் பிறந்ததுதான். 1898-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் தயாரான கொலம்பியா மின்சாரக் காரில், கேட்டு வாங்குபவருக்கு மின் ஹெட்லைட் கொடுத்தார்கள். ஆனால் அன்றைய இழை குண்டுகுழியில் குலுங்கினால் அறுந்துவிடும். காரில் அடங்கும் அளவுக்குச் சின்னதாக, போதிய மின்சாரம் தரும் டைனமோவும் இல்லை. இரண்டு சிக்கலும் தீர்ந்தது அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில். டங்ஸ்டன் இழை வந்தது. 1912 காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர், இக்னிஷன், விளக்கு மூன்றும் ஒரே மின் அமைப்பில் இணைந்தன. சுவிட்சைத் தட்டினால் சாலை வெளிச்சமானது. கண்கூச்சமும் அத்துடன் சேர்ந்தே வந்தது.

காரணம், இழைக்குப் பின்னால் இருக்கும் கிண்ணம். பரவளைய வடிவில் வளைந்த அந்தப் பளபளப்பான கிண்ணத்தின் குவியத்தில் ஒரு சிறிய ஒளிப்புள்ளியை வைத்தால், நாலாபுறமும் சிதறும் ஒளி ஒரே கற்றையாகத் திரண்டு முன்னால் பாயும். ஒளி எவ்வளவு திரள்கிறதோ, எதிரே வருபவர் கண்ணில் அவ்வளவு அடிக்கும். 1910-களிலேயே அமெரிக்க மாநிலங்கள் கண்ணைப் பறிக்கும் விளக்குக்கு எதிராக விதி எழுதத் தொடங்கிவிட்டன. விளக்கு இனி தன் சொந்தக்காரருக்கு மட்டும் வேலை செய்தால் போதாது. எதிரே வருபவருக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். ஹெட்லைட்டின் மீதிக் கதை அந்தப் பங்கைப் பிரிக்கும் கதைதான்.

1915-இல் கைட் லேம்ப் நிறுவனம் கீழே சாய்க்கக்கூடிய விளக்கைக் கொண்டுவந்தது. இறங்கிவந்து கையால் சாய்க்க வேண்டும். 1917 காடிலாக்கில் உட்கார்ந்த இடத்திலிருந்தே நெம்புகோலால் சாய்க்கலாம். 1924-இல் ஜெர்மனியில் பைலக்ஸ் பல்பு வந்தது: ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள், ஒன்று பிரைட்டுக்கு, ஒன்று டிம்முக்கு. 1927-இல் காலால் மிதிக்கும் டிம் சுவிட்ச். பழைய அம்பாசடரை ஓட்டியவர்களின் இடது காலுக்கு அதை நன்றாகத் தெரியும். கிளட்சுக்குப் பக்கத்தில் தரையில் முளைத்திருக்கும் ஒரு பொத்தான்.

இந்த இரட்டை இழைப் பல்பின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்றைக்கும் நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் ஏராளமான கார், வேன், லாரிகளில் இருக்கும் ஹெச்4 ஹாலஜன் பல்பு பைலக்ஸின் வாரிசு. 1971-இல் வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால், டிம் இழைக்கு அடியில் நகக்கண் அளவில் ஒரு உலோகக் கிண்ணி தெரியும். டிம் போடும்போது இழையிலிருந்து கீழ்நோக்கி வரும் ஒளியை அந்தக் கிண்ணி தடுத்துவிடும். பின்னால் இருக்கும் கிண்ணத்தின் மேல்பாதியில் படும் ஒளி மட்டுமே திரும்பிச் சாலையை நோக்கி இறங்கும். சுவரில் அடித்துப் பார்த்தால் கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு: கீழே வெளிச்சம், மேலே இருட்டு. கிண்ணியின் ஒரு விளிம்பு 15 டிகிரி சாய்ந்திருக்கும். அதனால் அந்தக் கோடு ஒரு பக்கம் மட்டும் மேலேறும். இந்தியாவில் அது இடப்பக்கம். சாலையோரம் நடப்பவரும் மைல்கல்லும் தெரிய வேண்டும், வலப்பக்கம் எதிரே வருபவர் கண்ணுக்கு இருட்டாகவே இருக்க வேண்டும் என்ற கணக்கு. ஒருபக்கம் ஏறும் இந்த வெட்டுக்கோட்டை ஐரோப்பா 1950-களின் பிற்பகுதியில் ஏற்றுக்கொண்டது. கிண்ணி ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும், அத்தனை கணக்கும் பிசகிவிடும்.

எல்லா நாடும் ஒரே வழியில் போகவில்லை. பிரான்சு 1936-இல் மஞ்சள் ஹெட்லைட்டைக் கட்டாயமாக்கி 1993 வரை அதை விடவில்லை. அமெரிக்கா 1940-இல் இழை, கிண்ணம், முன்கண்ணாடி மூன்றையும் ஒன்றாக உருக்கி மூடிய ஏழு அங்குல வட்ட விளக்கையே எல்லாக் கார்களுக்கும் விதித்தது. இழை போனால் விளக்கையே மாற்ற வேண்டும். அதில் ஒரு நன்மை இருந்தது: யாரும் உள்ளே கைவைத்துப் பல்பை மட்டும் மாற்ற முடியாது.

பிறகு ஒளி பல மடங்கு பெருகியது. 1991-இல் பிஎம்டபிள்யூ 7 வரிசைக் காரில் செனான் விளக்கு வந்தது. இழையே இல்லை, வாயுவுக்குள் மின்பொறி. டிம்மில் ஹெச்4 தரும் ஒளி சுமார் 1000 லூமன். செனான் வெறும் 35 வாட்டில் 3000 லூமன் தந்தது. ஐரோப்பிய விதிகள் கடிவாளம் போட்டன: 2000 லூமனுக்கு மேல் போனால், பின்சீட்டில் ஆளேறி முகப்பு தூக்கினாலும் கற்றையைத் தானாக இறக்கும் அமைப்பும், விளக்குக் கண்ணாடியைக் கழுவும் பீச்சுகுழாயும் இருந்தே ஆக வேண்டும். அழுக்குப் படிந்த கண்ணாடி ஒளியைச் சிதறடித்து வெட்டுக்கோட்டைக் கலைத்துவிடும் என்பதால்.

அடுத்து எல்இடி. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்இடியைச் சாதித்தார். 2014-இல் அவருக்கும் அகசாகி, அமானோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீலத்தின்மேல் மஞ்சள் பூச்சு பூசினால் வெள்ளை. 2007-இல் லெக்ஸஸ் காரின் டிம் விளக்கே எல்இடி ஆனது. பல எல்இடி விளக்குகளை 2000 லூமனுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தித் தயாரித்தார்கள். அதனால் கழுவும் குழாயும் தானியங்கி இறக்கமும் தேவைப்படவில்லை. விதி மீறப்படவில்லை, ஆனால் அதே ஒளி முன்னைவிடச் சின்னப் பரப்பிலிருந்து, நீலம் தூக்கலாக வருகிறது. இரண்டுமே கண்ணுக்கு எரிச்சலைக் கூட்டுபவை.

எரிச்சல் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குள் நுழையும் கூரிய ஒளி விழிவெண்படலத்திலும் லென்ஸிலும் சிதறி, பார்க்கும் காட்சியின்மேல் ஒரு வெள்ளைத் திரையை விரித்துவிடுகிறது. 1920-களில் ஹாலடே, ஸ்டைல்ஸ் என்ற ஆய்வாளர்கள் இந்தத் திரைக்குக் கணக்கு கண்டார்கள்: பார்க்கும் திசைக்கும் விளக்குக்கும் இடையே உள்ள கோணம் பாதியானால் திரையின் அடர்த்தி நான்கு மடங்காகும். இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டு என்று அனுபவசாலி டிரைவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். பார்வையைக் கொஞ்சம் விலக்கினாலே திரை வெகுவாக மெலிகிறது. வயதானால் லென்ஸ் மஞ்சளாகி மங்கும், சிதறல் கூடும். இருட்டில் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணில் சேர்வதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். ‘ராத்திரியில் ஓட்ட மாட்டேன்’ என்று அப்பாக்கள் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுப்பதில் பயத்தைவிட உடற்கூறுதான் அதிகம்.

அப்படியானால் எல்லாரும் டிம்மிலேயே போகட்டுமே என்றால், அங்கேயும் ஒரு கணக்கு இடிக்கிறது. 80 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 22 மீட்டர். பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி: 33 மீட்டர். பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த தார்ச்சாலையில் இன்னும் 35 மீட்டர். ஆக 68. டிம் வெளிச்சத்தில், கறுப்புச் சட்டைக்காரர் பெரும்பாலும் 50 மீட்டருக்குள் வந்தபிறகுதான் கண்ணில் படுவார். பிரைட் போடுபவர்கள் எல்லாருமே அடாவடிக்காரர்கள் இல்லை. பலருக்கு உண்மையாகவே சாலை தெரியவில்லை. எதிரே வண்டி வரும்போது பிரைட்டை இறக்கத்தான் அந்தக் காலத்து லாரிகளின் முதுகில் ‘ராத்திரியில் டிப்பர் பயன்படுத்து’ என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள். இரண்டு லாரி டிரைவர்கள் எதிரெதிரே வரும்போது ஒருவர் டிம் அடிப்பார், மற்றவரும் இறக்குவார். அது ஒரு கொடுக்கல் வாங்கல். ஒருவர் இறக்காவிட்டால் மற்றவரும் கோபத்தில் பிரைட்டைத் தூக்கிவிட, இருவருமே குருடாகிக் கடப்பார்கள்.

இன்றைய தொல்லை அதுவும் இல்லை. டிம்மில் வரும் வண்டியே கூசவைக்கிறது. மஞ்சளாக எரிகிறது என்று ஹெச்4-ஐக் கழற்றிவிட்டு, அதே ஹோல்டரில் உட்காரும் எல்இடி கிட் ஒன்றை மாட்டுகிறார்கள். கிண்ணம் பழையது, அது ஓர் இழைக்காக, இழை இருக்கும் இடத்துக்காக வளைக்கப்பட்டது. கிட்டில் ஒளி வருவதோ பட்டையின் இரு பக்கமும் ஒட்டிய சில்லுகளிலிருந்து. குவியம் தப்பிவிடுகிறது, வெட்டுக்கோடு கரைகிறது. ஓட்டுபவருக்கு முன்னால் பத்தடியில் பளிச்சென்று தெரிவதால் நல்ல விளக்கு என்ற நினைப்பு. எதிரே வருபவருக்கு டிம்மும் பிரைட்டும் ஒன்றே. போலீசார் ஹெட்லைட்டின் நடுவில் ஒட்டும் வட்டக் கறுப்பு ஸ்டிக்கர் ஒளியைக் கொஞ்சம் குறைக்கும். கலைந்த கோட்டைத் திருப்பித் தராது. இவற்றோடு, உயரமான கார்களின் விளக்கும் உயரத்தில் இருக்கிறது. 2017 ஏப்ரலிலிருந்து வந்த இருசக்கர வாகனங்களின் ஹெட்லைட்டோ அணைக்கவே முடியாதபடி எரிகிறது. அந்த விதி பகலில் பைக் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக வந்தது. ஆனால் விளக்கு மேல்நோக்கித் திரும்பிய பைக்கும் அதே விதியின் பேரில்தான் ஊரைச் சுற்றுகிறது.

இதற்குத் தொழில்நுட்பம் ஒரு விடை வைத்திருக்கிறது. 2013-இல் ஆடி ஏ8 காரில் வந்த மேட்ரிக்ஸ் விளக்கில், கேமரா எதிர்வண்டியைக் கண்டதும் அந்தத் திசைக்கான எல்இடிகள் மட்டும் அணையும். மற்ற இடமெல்லாம் பிரைட்டாகவே இருக்கும். அமெரிக்கா இதை அனுமதிக்கவே 2022 ஆனது. ஆனால் அந்தக் கேமரா பெரும்பாலும் தேடுவது எதிர்வண்டியின் விளக்கை. விளக்கில்லாத சைக்கிள்காரர் மீதும், வேலை முடிந்து ஓரமாக நடந்து வருபவர் மீதும் பிரைட் அப்படியே விழும்.

ஆகவே விடை விலையுயர்ந்த காரில் இல்லை, பரிசோதனையில் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முன்விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்காதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கின்றன. லாரிக்கும் பஸ்ஸுக்கும் எஃப்.சி. உண்டு, விளக்கைப் பார்ப்பார்கள். சொந்தக் காருக்கு? பதிவு 15 ஆண்டு செல்லும். அதுவரை யாரும் அதன் ஹெட்லைட்டைச் சோதிக்கக் கேட்பதில்லை. பிரிட்டனில் மூன்று வயது கடந்த காருக்கு ஆண்டுதோறும் நடக்கும் சோதனையில் விளக்கின் சாய்வும் அடக்கம். கற்றை ஒரே ஒரு டிகிரி மேலே தூக்கினால் 50 மீட்டர் தூரத்தில் அது 87 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். சாலையில் விழ வேண்டிய ஒளி எதிர்க்காரின் கண்ணாடிக்குப் போக அது தாராளம். பதினைந்து ஆண்டில் எத்தனை பல்பு மாற்றம், எத்தனை பம்பர் இடி!

சோதனை கட்டாயமாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சமதரையில், ஒரு சுவருக்கு 10 மீட்டர் முன்னால் காரை நிறுத்தி டிம் போடுங்கள். விளக்கின் நடு உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே, பெரும்பாலான கார்களில், அந்த வெட்டுக்கோடு தெளிவாக விழ வேண்டும். இடப்பக்கம் கொஞ்சம் ஏறலாம். கோடு மேலே இருந்தால் மெக்கானிக் ஒரு ஸ்குரூவைத் திருப்பிச் சரிசெய்துவிடுவார். பின்சீட்டில் நாலு பேரும் டிக்கியில் மூட்டையும் ஏறும் நாளில், டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எழுதிய சின்னச் சக்கரம் இருந்தால் அதைத் திருப்பி விளக்கை இறக்குங்கள். அது அதற்காகத்தான் இருக்கிறது. கோடே தெரியாமல் சுவர் முழுக்க வெளிச்சம் பரவினால் பல்பு தப்பு. கிட்டைக் கழற்றிவிட்டு, கம்பெனி கொடுத்த வகைப் பல்பையே மாட்டச் சொல்லுங்கள். பல்பு மஞ்சளாகத்தான் எரியும். எரியட்டும்; எதிரே வருபவரின் பங்கு அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.