நீலப் புள்ளி பிறந்த கதை

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் யாராவது தெருவில் அலைந்த பூனைக்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனால், தடுப்பூசிப் பேச்சு வருவதற்கு முன்பே அவர் குட்டியின் இரத்தத்தில் மூன்று துளி கேட்பார். சிறு குழாய் ஒன்றில் அதை இன்னொரு திரவத்தின் நாலு துளிகளோடு கலக்கி, கையடக்கமான வெள்ளைப் பிளாஸ்ரிக் கருவியின் குழியில் ஊற்றுவார். திரவம் ஊறிப் போய் மறுமுனை வட்டத்தைத் தொட்டதும் கருவியை ‘டக்’கென்று அழுத்துவார். பிறகு பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

ஒரு புள்ளி எப்போதும் நீலமாகும். கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி. இன்னோர் இடத்திலும் நீலம் தெரிந்தால், பூனை லுகேமியா வைரஸின் உள்ளோட்டில் இருக்கும் பி27 என்ற புரதம் அந்த இரத்தத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். புள்ளியில் பூசியிருக்கும் எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தைப் பிடித்து வைக்கிறது. நொதி சுமந்த இன்னோர் எதிர்ப்பொருள் வந்து அதன்மேல் ஒட்டி நிறம் காட்டுகிறது. கர்ப்பம் பார்க்கும் குச்சிக்கு இது ஒன்றுவிட்ட சகோதரம்.

இந்தப் பரிசோதனையின் பூர்வீகம் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். 1960களின் தொடக்கத்தில் அங்கே பூனைகள் நிறைய வளர்ந்த ஒரு வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. கவனித்தவர் ஊர் வைத்தியர் ஒருவர். விடயம் பல்கலைக்கழக மிருக வைத்தியக் கல்லூரியில் இருந்த வில்லியம் ஜாரெட்டின் காதுக்குப் போனது. ஒரே கூரையின்கீழ் இத்தனை புற்றுநோயா? ஜாரெட் கட்டியிலிருந்து எடுத்ததைக் குட்டிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். அவற்றுக்கும் நோய் வந்தது. எலெக்ட்ரோன் நுண்ணோக்கியில் உயிரணுவின் சவ்விலிருந்து மொட்டுவிட்டுக் கிளம்பும் வைரஸ் துகள்கள் தெரிந்தன. 1964இல் ‘நேச்சர்’ இதழில் அறிக்கை வந்தது.

அப்போதும் பாதிக் கதைதான் தெரிந்திருந்தது. கோழிக்கு லுகேமியா கொடுக்கும் வைரஸை டென்மார்க்கில் 1908இலேயே கண்டிருந்தார்கள். 1951இல் லுட்விக் குரோஸ் எலியில் ஒன்றைக் காட்டினார். எலி வைரஸ் பெரும்பாலும் தாயிடமிருந்து குட்டிக்குப் போவது. பூனையிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. புற்றுநோய் தடிமன்போலத் தொற்றும் என்று அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால் யார் நம்புவார்?

நம்ப வைத்தது ஒரு பரிசோதனை. நியூயோர்க்கின் ஸ்லோன் கெற்றரிங் புற்றுநோய் நிலையத்தில் வில்லியம் ஹார்டி என்ற மிருக வைத்தியர், கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தத்தில் வைரஸ் புரதத்தை ஒளிரவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஒளிரும் வெள்ளணு தெரிந்தால் பூனைக்குத் தொற்று. வீடு வீடாகப் பூனைகளைப் பார்த்தபோது, இரத்த உறவே இல்லாத பூனைகளும் ஒன்றாக வாழ்ந்ததால் தொற்றிக்கொண்டது புலப்பட்டது. 1973இல் அவரும் சகாக்களும் அதை எழுதினார்கள். அந்தச் சகாக்களில் ஒருவரான மக்ஸ் எசெக்ஸ் பின்னர் எயிட்ஸ் ஆராய்ச்சியில் பேர்பெற்றவர்.

பரவுவது முக்கியமாக எச்சிலால். ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வது, ஒரே தட்டில் சாப்பிடுவது, கடிப்பது, தாய்ப்பால். அன்புதான் இங்கே அதிகம் பரப்புகிறது என்பதை நான் கொஞ்சம் கசப்போடுதான் எழுதுகிறேன். வெளியே வந்த வைரஸ் அதிக நேரம் தாங்காது, சோப்புக்குச் செத்துவிடும். மனிதருக்குத் தொற்றியதாகச் சான்றில்லை. குட்டிகள்தான் இலகுவில் அகப்படுகின்றன. வயது ஏற ஏற எதிர்ப்பும் ஏறுகிறது.

பரிசோதனை முதலில் பெற்ற பிள்ளை நல்ல பிள்ளையல்ல. ‘இருக்கிறது’ என்று வந்த பூனையை வீட்டிலிருந்து அகற்று, மிச்சத்தை மூன்று மாதம் கழித்து மறுபடி பார் என்பது அன்றைய முறை. பல இடங்களில் அகற்றுவது என்றால் கருணைக்கொலைதான், பூனை துள்ளி விளையாடிக்கொண்டிருந்தாலும். இதனால் பூனைப்பண்ணைகளில் நோய் குறைந்தது உண்மை. தடுப்பூசி 1985இல்தான் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பு வேறு வழியும் இருக்கவில்லை. ஆனாலும் ஒரு நிறத்தை மட்டும் நம்பி எத்தனை பூனைகள் போயிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஏனென்றால் தொற்றிய பூனை எல்லாம் ஒரே வழியில் போவதில்லை. சிலவற்றின் உடல் வைரஸை முற்றாக விரட்டிவிடுகிறது. சிலவற்றில் அது மரபணுவில் ஒளிந்து, இரத்தத்தில் தலைகாட்டாமல் கிடக்கிறது. மிச்சத்தில்தான் வைரஸ் பெருகி இரத்தசோகை, புற்றுநோய், எதிர்ப்புச் சக்தி இழப்பு என்று வருகிறது. ஹார்டியின் தகட்டைப்போலவே வைரஸின் புரதத்தைத் தேடும் இன்றைய நீலப் புள்ளி காட்டுவது இரத்தத்தில் இன்றைக்கு இருப்பதை. நேற்றுத் தொற்றியிருந்தால் அது தெரியாது. சுமார் ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கனடாவில் 11,144 பூனைகளைப் பார்த்து 2009இல் வெளியான ஆய்வில் 3.4 வீதத்துக்கு இந்தத் தொற்று இருந்தது. ஆய்வில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தாரும் இருந்தார்கள். நோய் இவ்வளவு அரிதாக இருக்கும் ஊரில் வரும் நீலங்களில் ஒரு பங்கு பொய் நீலம். அதனால்தான் நல்ல வைத்தியர் ஒரு புள்ளியோடு தீர்ப்பு எழுதாமல், இரத்தத்தை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி வேறு முறையில் உறுதிப்படுத்தச் சொல்கிறார்.

உறுதியானாலும் இன்று வழி உண்டு. மருந்தால் வைரஸைத் துடைக்க முடியாது. ஆனால் வெளியே விடாமல், தொற்றில்லாத பூனைகளோடு சேர்க்காமல், ஆண்டுக்கு இரண்டு முறை வைத்தியரிடம் காட்டிக்கொண்டு சில ஆண்டுகள் நன்றாக வாழவைக்கலாம். தொற்றுள்ள இரண்டு பூனைகளை ஒரே வீட்டில் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் அடிக்கடி வருகிறது: ஊசி போட்ட பூனைக்குப் பரிசோதனை தவறாக நீலம் காட்டாதா? பொதுவாகக் காட்டாது. ஊசி உண்டாக்குவது எதிர்ப்பொருளை. கருவி தேடுவது வைரஸின் புரதத்தை. அதனால் முதலில் பரிசோதனை, தொற்றில்லை என்றால் எட்டு வாரக் குட்டிக்கு ஊசி, மூன்று நாலு வாரம் கழித்து மற்றொன்று.