தேறற்போரும் ஆரோ நகரின் வரலாறும்

ஒரு விழா எதனை நினைவுகூர்கின்றது என்பதைப் போலவே, எதனைச் சொல்லாமல் விடுகின்றது என்பதும் வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கதாகும். ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், லா ரியோஹா மாநிலத்தில் உள்ள ஆரோ என்னும் ஊரில் ஆண்டுதோறும் ஜூன் 29ஆம் நாள், புனித பேதுருவின் திருநாளன்று, ‘தேறற்போர்’ நிகழ்கின்றது. ஒயின் எனப்படும் திராட்சைத் தேறலை ஆயிரக்கணக்கானோர் ஒருவர்மீது ஒருவர் பொழிந்துகொள்வர். அயலார்க்கு இது வெறுங் களியாட்டமாகத் தோன்றும். உழைப்பின் பயனை மண்ணிற் கொட்டுவதாகக் கடிந்துரைப்பாரும் உளர். ஊரின் வரலாற்றோடு பொருத்தி நோக்கினால் அக்கருத்து மாறும்.

லொக்ரோஞ்ஞோ நகரிலிருந்து எப்ரோ ஆற்றை எதிர்த்து மேற்கே செல்வோர், கொடித்தோட்டங்களைக் கடந்து ஆரோவை அடைவர். பழைய தோட்டங்களில் கொடிகள் பந்தலிற் படர்வதில்லை. குட்டைப் புதர்களாக நிற்கும். ஊருக்கு அப்பால் எப்ரோ ஆறு மலையைப் பிளந்து வெளிப்படும் கணவாயின் ஓரத்தில் பிலிபியோ என்னும் பாறைக்குன்று உயர்ந்து நிற்கின்றது. திருநாட் காலையில் வெண்ணிற ஆடையும் கழுத்திற் செந்துணியும் அணிந்த மக்கள் அக்குன்றுக்குச் செல்வர். நகர்மன்றத்தார் ஒருவர் குதிரையேறி ஊர்க்கொடியைத் தாங்கி வருவார். பாறையிற் கொடி நாட்டப்பெறும். சிற்றாலயத்தில் திருப்பலி நிகழும். அதன் பின்னரே போர் தொடங்கும். நண்பகலில் அனைவரும் ஊர் திரும்பி ‘அமைதிச் சதுக்கத்தை’ வலம் வருவர்.

வழிபாடு, எல்லை, வாணிகம் ஆகிய மூன்றும் இவ்விழாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. வழிபாடே இவற்றுள் மிகப் பழையது. புனித ஃபெலிசெஸ் என்னும் துறவி இக்குன்றில் வாழ்ந்தார். இசைக்கருவியோடு ஆடு மேய்த்துத் திரிந்த மில்யான் என்னும் இளைஞர் இவரை நாடி வந்து மாணவரானார் என்று, 7ஆம் நூற்றாண்டில் சாரகோசாவின் ஆயராக இருந்த பிராவுலியோ இலத்தீனில் எழுதியுள்ளார். 13ஆம் நூற்றாண்டில் கொன்சாலோ தெ பெர்சேயோ அவ்வரலாற்றைக் காஸ்தீலிய மொழியிற் பாடினார். அம்மொழியில் பெயர் தெரிந்த புலவருள் முதல்வர் எனப் போற்றப்படுபவர் இவரே. தம் மற்றொரு நூலுக்குப் பரிசிலாக இவர் வேண்டியது ஒரு குவளை நல்ல தேறல். பொன்னும் மணியும் கேளாத அப்புலவரின் வேண்டுகோள், அந்நாட்டார் தேறலுக்கு அளித்த மதிப்பைக் காட்டும்.

அடுத்தது எல்லை. ஆரோவுக்கும் அண்டை நகராகிய மிராந்தா தெ எப்ரோவுக்கும் இடையே இக்குன்று குறித்து இடைக்காலத்தில் வழக்கு இருந்தது என்றும், ஆண்டுதோறும் கொடி நாட்டத் தவறின் நிலம் மிராந்தாவுக்கு உரியதாகும் என்றும் செவிவழிச் செய்தி கூறும். நம் நிலம் நமதே என்று ஊரார் ஆண்டுதோறும் சொல்லிக்கொள்ளும் உரிமைக்குரலாகவே கொடி நாட்டலைக் கொள்ளல் வேண்டும்.

இறுதியாக அமைந்தது வாணிகம். 1860களில் ஃபிலாக்சேரா என்னும் நுண்பூச்சி வட அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்சு நாட்டுக் கொடிகளின் வேரை உறிஞ்சி அழித்தது. தேறலின்றித் தவித்த பிரெஞ்சு வணிகர் ரியோஹாவை நாடினர். 1863இல் இருப்புப்பாதை வந்திருந்தமையால் ஆரோ அவ்வாணிகத்தின் நடுவிடமாயிற்று. நிலையத்தை ஒட்டி 1877இல் லோபெஸ் தெ எரேதியா, 1879இல் குனே எனப் பெருந்தேறற் சாலைகள் எழுந்தன. 1890இல் மின்விளக்குகள் தெருக்களில் ஒளிர்ந்தன. 1891இல் ‘மாநகர்’ என்னும் பட்டம் கிட்டியது.

அச்செல்வம் அண்டை நாட்டின் இழப்பினால் விளைந்தது. அமெரிக்கக் கொடிகளின் வேர் பூச்சியைத் தாங்கும் என்று கண்ட பிரெஞ்சு உழவர், அவ்வேரின்மேல் தம் கொடிகளை ஒட்டி மீண்டனர். 1892இல் சுங்கச் சலுகை நீங்க, வணிகரும் அகன்றனர். 1899இல் அதே பூச்சி ரியோஹாவை அடைந்தது. அடுத்த பத்தாண்டுகளில் தோட்டங்களுட் பெரும்பகுதி அழிந்தது. குடும்பங்கள் பல ஊரைவிட்டுப் பெயர்ந்தன. எஞ்சியோர் அமெரிக்க வேரில் ஒட்டிய கொடிகளை நட்டுத் தொடக்கத்திலிருந்து உழைத்தனர். நோயைத் தந்த மண்ணே மருந்தையும் தந்தது. 1925இல் ரியோஹாத் தேறலுக்கு விளைநிலப் பெயருரிமை வழங்கப்பெற்றது.

குன்றில் உணவுண்ட அடியார் வேடிக்கையாகத் தேறல் தெளித்துக்கொண்ட பழக்கம், 20ஆம் நூற்றாண்டிலேயே போராக வளர்ந்தது. 2011இல் தேசியச் சுற்றுலாச் சிறப்புடைய விழா என்னும் மதிப்பையும் பெற்றது. பூச்சியைப் பற்றியோ பெயர்ந்து போனவரைப் பற்றியோ விழாவில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் போர்க்கருவிகளை உற்றுநோக்குதல் வேண்டும். தோற்பைகளோடும் வாளிகளோடும் பலர் முதுகில் தெளிப்பான்களைச் சுமந்து வருவர். கொடிகளின் நோய் தீர்க்கத் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் கருவி அது. ஆண்டு முழுதும் அச்சத்தோடு சுமந்த கருவியை அன்று ஒருநாள் மகிழ்ச்சிக்காகச் சுமக்கின்றனர்.

பொழியப்படுவதும் பீப்பாயிற் பல்லாண்டு முதிர்ந்த தேறலன்று. விலை குறைந்த இளந்தேறலே. எதனைச் சிந்தலாம், எதனைக் காத்தல் வேண்டும் என்று அவ்வூரார் நன்கறிவர். ஒருமுறை அனைத்தையும் இழந்து மீண்டோர் கொண்டாடும் மிகுதி இது. இதனை வீண்செலவு என்பது பொருந்தாது. விழா சொல்லாமல் விடும் துயரை எழுதி வைத்தல் வரலாற்றாசிரியரின் கடன். பாடி வைத்தல் புலவரின் கடன்.