ஆங்கிலம் கேட்டவர்களின் நியாயம்

இந்தியாவின் ஆட்சிமொழியாக ஆங்கிலமே இருக்கட்டும் என்று தமிழ்நாடு கேட்டபோது வடக்கில் அதை அடிமைப் புத்தி என்றார்கள். தமிழுக்காகக் கொடி பிடித்தவர்கள் அந்நிய மொழிக்கு வக்காலத்து வாங்குகிறார்களே என்று உள்ளூரிலும் கேலி எழுந்தது. ஆங்கிலம் கேட்டவன் தமிழை விட்டவன் என்ற கணக்கில்தான் இந்த இரண்டு ஏச்சும் பிறந்தன. சென்னையின் தெற்கே, பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடைப்பட்ட பகுதியின் வரலாற்றைப் புரட்டினாலே அந்தக் கணக்கு உதைக்கிறது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் தமிழாசிரியராக இருந்த வேதாசலம், பட்டப்படிப்பில் தமிழ் கட்டாயம் இல்லை என்றானபின் 1911-ல் வேலையை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். 1916-ல் தனித்தமிழ் இயக்கம் அங்கேதான் முளைத்தது. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். வடசொல் கலவாமல் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற அவரே, தம் தமிழ் நூல்களுக்கு நீண்ட ஆங்கில முன்னுரைகள் எழுதினார். ஆங்கிலத்தில் இதழும் நடத்தினார். 1937-ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவர முனைந்தபோது ‘இந்தி பொதுமொழியா?’ என்று நூல் எழுதி எதிர்த்தார். அடுத்த ஆண்டு ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ பட்டம் சூட்டிய பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர் மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். ஆகத் தமிழ்ப்பற்று முற்றி விளைந்த வீட்டிலேயே ஆங்கிலம் பகைமொழியாக இருக்கவில்லை. வெளியுலகோடு வாதாட அது வேண்டும், ஆனால் தமிழின் இடத்தில் அது உட்காரக் கூடாது என்ற தெளிவு அங்கே இருந்தது. அடிகள் வேலை பார்த்த கல்லூரியும் 1937-ல் தாம்பரத்துக்கே இடம்பெயர்ந்தது.

இந்தத் தெளிவு பின்னாளில் அரசியல் கோரிக்கையாக உருவெடுத்தது. 1949 செப்டம்பர் 14 அன்று அரசியல் நிர்ணய சபை இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக ஏற்றது. ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டுத் தவணை கொடுத்தது. தவணை தீரும் நாள் 1965 ஜனவரி 26. பி.ஜி. கேர் தலைமையிலான ஆட்சிமொழி ஆணையத்தில் சென்னையின் ப. சுப்பராயன் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்தார். 1956 டிசம்பரில் தமிழ்ப் பண்பாட்டுக் கழகம் சென்னையில் கூட்டிய மாநாடு, ஆங்கிலமே தொடரட்டும் என்றது. எதிரெதிர் துருவங்களான ராஜாஜி, பெரியார், அண்ணா மூவரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். வாதம் எளிமையானது. மத்தியத் தேர்வாணையத்தின் தேர்வை ஒருவர் தாய்மொழியிலும் இன்னொருவர் படித்துக் கற்ற மொழியிலும் எழுதினால் அது சமமான போட்டி ஆகாது. ஆங்கிலம் என்றால் தாம்பரத்துப் பட்டதாரியும் அலகாபாத் பட்டதாரியும் ஒரே அளவு சிரமப்பட்டாக வேண்டும்.

1938-ல் இந்தியைத் திணித்த ராஜாஜி இதைச் சொல்லலாமா என்று கேட்டார்கள். சொன்னவர் மாறினார் என்பதால் சொன்னது பொய்யாகிவிடாது. இந்தியின் ஆதரவாளராக இருந்து பார்த்தவரே எதிர்ப்பக்கம் வந்தது வாதத்துக்கு வலுதான். ஆங்கிலம் அந்நிய மொழி என்பது அடுத்த ஆட்சேபம். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தலைமுறைகளாக வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களுக்கு அதுதான் வீட்டுமொழி. அவர்களின் தலைவர் பிராங்க் ஆண்டனி, ஆங்கிலத்தை எட்டாவது அட்டவணையில் சேர்க்கக் கோரி 1959-ல் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அந்த விவாதத்தையொட்டியே, இந்தி பேசாதோர் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழி வந்தது. அந்நிய மொழியை விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே சான்று இருந்தது. 1956-ல் இலங்கை ஆங்கிலத்தை இறக்கிச் சிங்களத்தை மட்டும் ஏற்றியது. வெள்ளைக்காரனுக்கு அதனால் நட்டம் ஒன்றுமில்லை. அரசுப் பணியிலிருந்த தமிழனுக்குத்தான் வாசல் அடைபட்டது.

1963-ன் ஆட்சிமொழிச் சட்டம் ஆங்கிலம் தொடர இடம் கொடுத்தது, தொடர்ந்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஓட்டைதான் 1965-ஐ வெடிக்க வைத்தது. ஜனவரி 26 அன்று கோடம்பாக்கம் சிவலிங்கமும் மறுநாள் விருகம்பாக்கம் அரங்கநாதனும் தீக்குளித்து மாண்டார்கள். பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் செங்கற்பட்டு மக்களவை உறுப்பினர் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். 1967 தேர்தலில் பரங்கிமலை சட்டமன்றத் தொகுதி எம்.ஜி.ஆரையும் தென்சென்னை மக்களவைத் தொகுதி அண்ணாவையும் தேர்ந்தெடுத்தன. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது: இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் போடும்வரை ஆங்கிலத்தை எடுக்க முடியாது. 1976-ல் வந்த ஆட்சிமொழி விதிகளோ தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று முதலிலேயே சொல்லிவிட்டன.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் சிலர்தானே, அது யாருக்கான சமத்துவம் என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆங்கிலம் மாநிலங்களுக்கிடையே தராசைச் சமன் செய்தது. படித்த வீட்டுக்கும் படிக்காத வீட்டுக்கும் இடையே அதனால் அதைச் செய்ய முடியவில்லை. ஆனால் ஆங்கிலம் கேட்கப்பட்டது டெல்லியின் கோப்புக்காக, தாலுகா ஆபீஸுக்காக அல்ல. மாநில ஆட்சிமொழி தமிழ் என்று 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. 1968-ன் இருமொழிக் கொள்கையிலும் தமிழ்தான் முதலில். புறநகர் நெடுகிலும் பெருகிய மெட்ரிகுலேஷன் பள்ளிகள் அந்தப் போராட்டத்தின் விளைவு என்பவர்கள், இந்தியே ஆட்சிமொழியான லக்னோவிலும் பாட்னாவிலும் ஆங்கிலவழிப் பள்ளிக்கு ஏன் வரிசை நிற்கிறது என்று யோசிக்க வேண்டும். 1984-ல் தாம்பரத்தில் திறந்த ஏற்றுமதி வளாகமும் பின்னர் பழைய மாமல்லபுரம் சாலையில் எழுந்த மென்பொருள் நிறுவனங்களும் சொல்வது அதைத்தான்: வேலைச் சந்தை போகிற வழியில்தான் பெற்றோரும் போகிறார்கள்.

எனவே அன்று ஆங்கிலம் கேட்டவர்களைத் தமிழின் எதிரிகள் என்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. அவர்கள் கேட்டதில் பாதிதான் கிடைத்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 343-வது பிரிவு இன்றும் இந்தியையே சொல்கிறது. ஆங்கிலத்துக்கு இருப்பது நாடாளுமன்றச் சட்டத்தின் காப்பு மட்டுமே. அதற்கு வெளியே, தமிழில் உயர்கல்வி, தமிழில் தீர்ப்பு, தமிழ் படித்தவனுக்கு வேலை என்ற காரியங்களை ஆங்கிலம் செய்து தரும் என்று அவர்கள் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பொறுப்பு நம்முடையது. அதில் உள்ள குறைக்கு 1965-ஐக் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது.