கருமைக்குள் ஒரு வண்ணம்

கறுப்பு வெள்ளைப் படம் என்பது வழக்கில் நிலைத்துவிட்ட பெயர். ஆயினும், முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் மட்டுமே கொண்ட நிழற்படம் காண்பதற்கு அரிது. பாட்டனார் காலத்துத் திருமணப் படத்தை எடுத்துப் பார்ப்பவர் அதில் தேன் கலந்ததொரு பழுப்பைக் காண்பார். வேறொரு படத்திலோ நீலம் ஓடிய சாம்பல் நிறம் தென்படும். முன்னது வெம்மை; பின்னது தண்மை. முகங்கள் ஒன்றாகவே இருப்பினும், இந்தச் சாயலின் வேறுபாட்டால் பார்ப்பவர் உள்ளத்தில் எழும் உணர்வு வேறாகிறது. இச்சாயலைத் தன் கைக்குள் அடக்கிவிட மனிதன் முயன்ற வரலாறு, படம் அழியாமல் நிலைக்க வேண்டும் என்று அவன் பட்ட பாட்டின் வரலாறும் ஆகும்.

ஆங்கிலேயரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், தாளில் படம் பதிக்கும் முறையை 1839ஆம் ஆண்டு உலகறியச் செய்தார். 1844 முதல் 1846 வரை அவர் பகுதி பகுதியாக வெளியிட்ட 'இயற்கையின் எழுதுகோல்' என்னும் நூலில் உண்மையான நிழற்படங்களே ஒட்டப்பட்டிருந்தன. ஆனால், அவற்றுள் பல விரைவிலேயே மங்கத் தொடங்கின. இக்குறையை ஆராய 1855இல் இலண்டன் நிழற்படக் கழகம் ஒரு குழுவை அமைத்தது. விக்டோரியா அரசியாரின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் அம்முயற்சிக்கு 50 பவுன் வழங்கினார். சரிவரக் கழுவாமையால் தாளில் தங்கிய மருந்தும், காற்றில் கலந்த கந்தகமும், ஈரமுமே படங்களின் பகைவர்கள் என்று குழு கண்டது. படங்களுக்குப் பொன்னூட்டுவது நலம் பயக்கும் என்றும் அது பரிந்துரைத்தது.

பொன்னூட்டுவதால் நேர்வது யாது? நிழற்படத்தின் கருமை வெள்ளித் துகள்களால் ஆனது. துகள்கள் மிக நுண்ணியவையாக இருப்பின் படம் பழுப்பாகத் தோன்றும். பெருத்துத் திரண்டிருப்பின் கறுப்பாகத் தோன்றும். பொன் கரைசலில் தோய்த்த படத்தில், வெள்ளியின்மேல் பொன் படிகிறது. செம்பழுப்பு தணிந்து, ஊதா கலந்த கருமை பிறக்கிறது. அப்பொன்னே வெள்ளிக்குக் கவசமாகவும் அமைகிறது. அழகும் ஆயுளும் ஒரே கலத்தில் கிடைத்தன எனலாம்.

அக்காலத் தாள்களை நம்பியே அரிய ஆவணங்கள் பல உருவாயின. சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக விளங்கிய லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றாக இணைத்து, 19 அடிக்கும் மேற்பட்ட நீளமுடைய ஒரே படமாக ஆக்கினார். தாள் மங்கினால் மறைவது அழகு மட்டுமன்று, சான்றும்தான் என்பதற்கு இஃதொன்றே போதும்.

பின்னர் வந்த முறைகளுள் புகழ்பெற்றது செப்பியா. கணவாய் மீனின் மையைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. எனினும், அந்த மைக்கும் இம்முறைக்கும் தொடர்பில்லை. படத்தை முதலில் வெளுக்கவைத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசும் கந்தகக் கரைசலில் தோய்த்தால், வெள்ளியானது வெள்ளிக் கந்தகையாக மாறி வெம்பழுப்பு நிறம் பெறும். ஒழுங்கின்றி ஊடுருவிப் படத்தை அழித்த அதே கந்தகம், முறையாக ஊட்டப்பட்டபோது அதனைக் காத்தது. நஞ்சே மருந்தாயிற்று. 1873இல் வில்லியம் வில்லிஸ் காப்புரிமை பெற்ற பிளாட்டின முறை, மென்மையும் நிலைபேறும் ஒருங்கே தந்தது. ஆயின், முதல் உலகப் போர்க்காலத்தில் பிளாட்டினத்தின் விலை ஏறவே, அது அருகிப்போயிற்று.

இருட்டறையின் காலம் தளர்ந்து, கணினியின் காலம் வந்தது. பாடகரும் நிழற்படக் கலைஞருமான கிரஹாம் நாஷ், ஏறத்தாழ 1,26,000 டாலர் விலையுள்ள ஐரிஸ் அச்சுப்பொறியைக் கொண்டு, 1991இல் கலிபோர்னியாவில் 'நாஷ் எடிஷன்ஸ்' என்னும் அச்சகத்தைத் தோழர்களுடன் நிறுவினார். தாளின்மீது மைத்துளிகளைப் பீச்சும் அப்பொறி கலையுலகை வியக்கவைத்தது. ஆனால் அதன் மை சாயத்தால் ஆனது. ஒளி பட்டால் வெளிறக்கூடியது. டால்பட்டின் துயரம் புதிய உருவில் மீண்டும் வந்தது.

சாயத்துக்கு மாற்றாக நிறமி மைகள் வந்தன. அவையும் வேறொரு சிக்கலை உடன்கொண்டு வந்தன. நீலம், செந்நீலம், மஞ்சள் ஆகிய மூன்றையும் கலந்து சாம்பல் நிறத்தை ஆக்கும்போது, ஒன்று சிறிது மிகினும் படம் பசுமையோ சிவப்போ பூசிக்கொள்ளும். விளக்கொளியில் நடுநிலையாய் நின்ற படம் பகலொளியில் பச்சையாய்த் தோன்றியதும் உண்டு.

இதற்குத் தீர்வு வண்ணங்களைக் குறைப்பதில் இருந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் கோன், 2000ஆம் ஆண்டில் 'பியசோகிராஃபி' முறையை வெளியிட்டார். வண்ண மைகளை அகற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் கருமையின் பல படிநிலைகளை அமர்த்தும் முறை அது. 2005இல் எப்சன் நிறுவனம் கருமை, இளங்கருமை, மிக இளங்கருமை என மூன்று கரு மைகள் கொண்ட அச்சுப்பொறிகளைக் கொணர்ந்தது. அவற்றில் வெம்மை, நடுநிலை, தண்மை, செப்பியா ஆகியவற்றுள் வேண்டியதைத் தெரிவு செய்யலாம். ராய் ஹாரிங்டனின் 'குவாட்டோன் ரிப்' என்னும் மென்பொருளோ, நிழற்பகுதிக்கு வெம்மையும் ஒளிப்பகுதிக்குத் தண்மையும் தனித்தனியே அளந்தூட்ட வழி செய்தது.

எனினும் இயற்கை தன் விலையைக் கேட்கவே செய்கிறது. கரியால் மட்டுமே ஆன மை இயல்பாகவே பழுப்பு வெம்மை உடையது, நெடுநாள் நிலைப்பது. அதனைக் குளிரவைக்க நீல நிறமி சிறிது சேர்த்தல் வேண்டும். சேர்க்கும் நிறமியோ கரியைப்போல் ஒளியைத் தாங்குவதில்லை. தாளும் தன் பங்கைச் செலுத்துகிறது. வெண்மையூட்டிகள் கலந்த தாள் தொடக்கத்தில் நீலம் ஒளிர நின்று, அவை வலுவிழந்தபின் மஞ்சளாகும். அவை கலவாத பருத்தித் தாள் முதலிலிருந்தே இளவெம்மையுடன் இருக்கும். ஆகவே, சாயலைத் தெரிவு செய்பவர் படத்தின் ஆயுளையும் உடன் தெரிவு செய்கிறார்.

கரியின் பெருமை புதிதன்று. 1855இல் பிரான்சின் புவாத்தவென் கரிப்பட முறைக்கு வித்திட்டார். 1864இல் ஜோசப் சுவான் அதனைச் செம்மைப்படுத்தினார். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே தமிழர், ஓலையில் கீறிய எழுத்து விளங்கும்பொருட்டு விளக்குக் கரியைத் தடவினர். வெள்ளி, பொன், பிளாட்டினம், சாயம் எனச் சுற்றி வந்த கலை, இறுதியில் அந்தக் கரியிடமே அடைக்கலம் புகுந்துள்ளது. நிழற்படத்துக்குத் தமிழில் 'புகைப்படம்' என்றொரு பெயரும் உண்டு. புகை விட்டுச் சென்ற கரியே படமாகி நிற்கும் இந்நாளில், அப்பெயர் முன்னினும் பொருந்துவதாயிற்று.