தறிக்குடி மகளிரும் பிணிக்காப்பும்

நம் தேவாங்க மரபினர் சௌடேசுவரியம்மன் திருவிழாவிற்குத் தலைக்கட்டு வரி இறுக்கும் வழக்கம் யாவரும் அறிந்ததே. வீட்டுக்கு இவ்வளவெனச் சிறுகச் சேர்ந்த பொருள் ஒரு பெருங்காரியத்தை முடிக்கின்றது. இன்ஷூரன்ஸ் எனப்படும் காப்பீட்டின் கருவும் இதுவே. பலர் இட்டதனை இடருற்ற ஒருவர் பெறுவர். இம்முறை கொங்குநாட்டில் உழைக்கும் பெண்டிரை எவ்வாறு வந்தடைந்தது, நம் தறிக்குடிப் பெண்டிரை எவ்வாறு தாண்டிச் சென்றது என்பதனை ஈண்டு எழுதப் புகுந்தனம்.

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கோவையில் நூற்பாலை கண்டார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பல்கின. அவற்றுள் நூற்சிட்டம் சுற்றும் 'ரீலிங்' பகுதி பெரும்பாலும் பெண்டிர் கையது. அத்தகையோர்க்கு மகப்பேற்றுக் காலத்திற் பணவுதவி அளித்தல் வேண்டுமெனச் சென்னை மாகாணம் 1934இல் சட்டம் இயற்றிற்று. நோக்கம் நன்றே. ஆயின் அத்தொகை முழுதும் அவ்வவ் ஆலை முதலாளியின் பையினின்றே வரவேண்டியதாயிற்று. விளைவு யாது? இத்தகைய சட்டம் வழங்கிய மாகாணங்களிற் சில ஆலையார், கருவுற்றமை தோன்றிய அளவிலே பெண்களை விலக்கினர். மணமாகாதாரையும் கைம்பெண்டிரையுமே தேடிச் சேர்த்தனர். பாலுக்கென்று வந்த சட்டம் சோற்றுக்கு உலை வைத்தது.

1944இல் பேராசிரியர் அடார்கர் ஆலைத் தொழிலாளர் பிணிக்காப்பிற்கு ஒரு திட்டம் வரைந்தளித்தார். அப்பொழுது வைசிராய் நிர்வாக சபையில் தொழிற்றுறையைத் தாங்கியவர் டாக்டர் அம்பேத்கர். அத்திட்டத்தை ஆராய்ந்த ஸ்டாக், ராவ் என்னும் சர்வதேசத் தொழில் ஸ்தாபன நிபுணர் இருவர், மகப்பேற்றுதவியும் இதன்கண் அடங்குக என்றனர். யாம் பெரிதும் மதிப்பது இத்திருத்தத்தையே. உதவி பொதுநிதியினின்று வருமாயின், பெண்ணை வேலைக்கு வைத்தவன் தனியே சுமப்பதும் இல்லை, அவளை விலக்குதற்கு ஏதுவும் இல்லை. 1948இல் சட்டம் நிறைவேறிற்று. 1952 பிப்ரவரி 24இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய ஈ.எஸ்.ஐ. திட்டம், நம் மாநிலத்தில் முதன்முதல் 1955 ஜனவரி 23இல் கோவையில் நடைமுறைக்கு வந்தது. சென்னைப் பட்டணத்திற்கும் நாம் மூத்தவர். நாட்கூலி ஒரு ரூபாய்க்குக் குறைந்தவர் சந்தா கட்ட வேண்டியதில்லை என்றும் அச்சட்டம் விதித்தது.

எனினும் தொடக்கத்தில் மருத்துவம் ஆலையில் உழைப்பவர்க்கு மட்டுமே. கணவன் ஆலைக்குச் செல்ல, வீட்டிற் கிடந்து காய்ச்சலுற்ற மனைவிக்கு ஒன்றுமில்லை. 1950களின் இறுதியிலிருந்தே குடும்பத்தார்க்கும் அது படிப்படியாக விரிந்தது.

2019 ஜூலை முதல் தொழிலாளி தருவது கூலியில் 0.75 விழுக்காடு, முதலாளி தருவது 3.25. மாதம் 12,000 ரூபாய் பெறும் பெண்ணுக்கு இது 90 ரூபாய், முதலாளிக்கு 390. 2017இலிருந்து முதலிரு மகப்பேற்றிற்கு 26 வாரம் கூலி உண்டு. ஆயின் முந்திய இரு சந்தாப் பருவங்களில், அஃதாவது ஓராண்டில், 70 நாளேனும் சந்தா விழுந்திருத்தல் வேண்டும். திருப்பூருக்குப் பீஸ் ரேட்டிற் செல்லும் நம் பெண்மக்கள் இந்நாட்கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளுதல் நலம். கம்பெனி மாறுமிடத்தே கணக்கு அறுபடுதல் எளிது.

இனி நம் வீட்டுத் தறிக்கு வருவாம். வீடு ஆலையன்று, ஆதலின் ஈ.எஸ்.ஐ. அங்கு நுழைந்ததில்லை. 2005இல் மத்திய அரசு கைத்தறியாளர்க்கெனத் தனிக் காப்பீடு கொணர்ந்தது. நெய்பவர், வாழ்க்கைத் துணை, மக்கள் இருவர் என நால்வர்க்கு ஆண்டிற்கு 15,000 ரூபாய் வரை. அதன் சிறப்பு யாதெனின், பாவு ஓட்டுவாரும் தார் சுற்றுவாரும் தொழிலாளரென எண்ணப்பட்டமையாம். தலைமுறை தலைமுறையாய்த் தார் சுற்றிய பெண்டிர்க்கு அரசேட்டில் ஒரு பெயர் கிடைத்தது. அத்திட்டம் நெடிது நில்லாது பிறிதொன்றிற் கலந்தது.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. சந்தாவை அரசே செலுத்தும். 2022இல் வருமான வரம்பு ஆண்டிற்கு 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. பெருநோய்க்கும் அறுவைக்கும் இது பேருதவியே. ஆயினும் தறி நின்ற நாட்களின் கூலியை இது தாராது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கும் மகப்பேற்றுதவி உண்டெனினும், அதுவும் கூலிக்கு ஈடாகக் கணக்கிட்டுத் தருவதன்று.

ஏட்டிற் பெயர் ஏறியவர்க்கே காப்பு என்பதனை இவ்வரலாறு முழுதும் காண்கின்றோம். நெகமம், சிறுமுகை முதலிய ஊர்களின் கூட்டுறவுச் சங்கங்களில் தம் பெயராலேயே உறுப்பினரான பெண்டிர் எத்துணையர்? அவ்வவ்வூர் அன்பர் எண்ணி எழுதுவாராயின் அடுத்த திங்கள் இதழில் வெளியிடலாம்.