ஆதுலர் யார்? திருமுக்கூடல் சாலை முதல் மரக்காணம் உப்பளம் வரை

சோழர் கால மருத்துவமனைகளைப் பற்றி எழுதுகிறவர் எவராயினும் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் தோள்மேல் நின்றே எழுதுகிறார். 1935லும் 1937லும் இரு பகுதிகளாக வெளிவந்த அவருடைய 'சோழர்கள்' நூல், கோயிலை நிலவுடைமையாளராகவும், வேலை கொடுப்பவராகவும், வங்கியாகவும், பள்ளியாகவும், மருத்துவமனையாகவும் ஒருசேரக் காட்டியது. இத்தனை பணிகளையும் அறவுணர்வில் பிறந்த மனிதநேயமே நெறிப்படுத்தியது என்று சாஸ்திரி முடிவு கட்டினார். அவர் காட்டிய தரவுகளோடு இக்கட்டுரைக்குப் பிணக்கு இல்லை. அவற்றின்மேல் அவர் போர்த்திய பொருளோடுதான் பிணக்கு. கோயிலுக்குள் ஒரு மருத்துவமனை இருந்தது என்பதும், ஊராருக்கு ஒரு மருத்துவமனை இருந்தது என்பதும் ஒன்றல்ல. சாஸ்திரியின் சித்திரத்தில் இவ்விரண்டும் கலந்துவிட்டன. இன்று மேடையிலும் பாடநூலிலும் "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இலவசப் பொது மருத்துவமனை இருந்தது" என்று சொல்லப்படுவது அந்தக் கலப்பிலிருந்து கிளைத்ததுதான். அரசு மருத்துவமா, தனியார் மருத்துவமா என்று நாம் வழக்காடும் இந்நாளில் இந்தக் கலப்பைப் பிரித்துப் பார்ப்பது வெறும் கல்வெட்டுப் பிரச்சினையாகாது.

கல்வெட்டுக்கு வருவோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் வீரராசேந்திரனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. அவன் ஆட்சி தொடங்கிய ஆண்டை 1063 என்று கொண்டால் இது 1067–68இல் வரும். தொடக்க ஆண்டைச் சற்று முன்தள்ளுவோரும் உண்டு. ஓராண்டு வேறுபாட்டை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. வீரசோழன் ஆதுலர்சாலை என்ற பெயரோடு அக்கல்வெட்டு ஒரு மருத்துவமனையின் முழு ஆண்டுக் கணக்கையும் தருகிறது. நோயாளிகள் 15 பேர். தலைக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு நாளுக்கு 3 குறுணி நெல். ஆண்டுக்கு 90 கலமும் 8 காசும். சல்லியக்கிரியை செய்பவருக்கு, அதாவது அறுவை மருத்துவருக்கு, 30 கலம். மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து காய்ச்சும் இருவருக்குச் சேர்த்து 60 கலமும் 2 காசும். மருந்தாடும் பெண்டுகள் இருவருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 4 நாழி. இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 30 கலமும் 1 காசும். நாவிதருக்கு 15 கலம். இவற்றோடு தசமூல ஹரீதகி, வாசா ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என ஏறத்தாழ 20 மருந்துகளின் பட்டியலும் உண்டு.

இந்தக் கணக்கில் முதலில் கண்ணில் பட வேண்டியது ஊதியத்தின் வடிவம். மருத்துவருக்கு 90 கலம், செவிலிப் பெண் ஒருத்திக்கு 15 கலம்: ஆறுக்கு ஒன்று. அறுவை மருத்துவரின் பங்கு தலைமை மருத்துவரின் பங்கில் மூன்றில் ஒன்றே. படிநிலை கூர்மையாக இருக்கிறது. ஆனால் இவர்களில் எவருடைய நெல்லும் எத்தனை பேரைப் பார்த்தார், எத்தனை மருந்து கொடுத்தார், எத்தனை கட்டி அறுத்தார் என்பதைப் பொறுத்து ஏறவோ இறங்கவோ இல்லை. படுத்திருப்பவரின் மடியிலிருந்து ஒரு காசும் மருத்துவரின் கைக்குப் போவதாகக் கணக்கு இல்லை. தனக்கு எந்த மருத்துவம் தேவை என்பதை நோயாளியால் தானே மதிப்பிட முடியாது. ஆகவே மற்றச் சரக்குகளுக்குப் பொருந்தும் சந்தை விதி மருத்துவத்துக்கு அப்படியே பொருந்தாது என்று 1963இல் பொருளியலாளர் கென்னத் ஆரோ விளக்கினார். விற்பவனே வாங்குபவனுக்காகவும் முடிவெடுக்கும் அந்த இக்கட்டுக்குத் திருமுக்கூடல் கண்ட விடை, மருத்துவரின் வருவாயை நோயாளியின் உடம்பிலிருந்து அறுத்துவிடுவது. நிலையான கூலி அசட்டையை வளர்க்கும் என்ற மறுப்பு உண்மையானதே. அசுவத்தாம பட்டன் அப்பதவியைக் காணி உரிமையாக, வழிவழி உடைமையாகப் பெற்றிருந்தார் என்பது அந்த ஐயத்தை இன்னும் கூட்டவே செய்யும். ஆனாலும் செலவைச் சுமப்பது யார் என்ற கேள்விக்கு இங்கே ஐயமே இல்லை. வயலைக்காவூர் என்ற தேவதான ஊரின் வருவாய் அதைச் சுமந்தது. அரசுக்குரிய இறை கோயிலுக்குத் திருப்பிவிடப்பட்டு, அதில் மருத்துவம் நடந்தது. இவ்வளவும் சாஸ்திரியின் பக்கம்.

அவரை விட்டு நான் விலகும் இடம் வாசல். இந்த 15 பேர் யார்? கல்வெட்டின் அடுக்குமுறையைக் கவனிக்க வேண்டும். கோயில் வழிபாடு, விழா, பிறகு ஜனநாத மண்டபத்தில் நடந்த வேதக் கல்லூரி, அதன் ஆசிரியர்கள், மாணவர்களுக்கான உணவு, அதையொட்டி மருத்துவமனை என்றே கணக்கு நகர்கிறது. மருத்துவமனை ஊர்ச்சபையின் செலவாக வரவில்லை; கோயில் என்ற பெருங்குடும்பத்தின் உள்செலவாக வருகிறது. ஆகவே இதன் பயனாளிகள் கோயிலில் உண்டு உறைந்த மாணவரும் கோயிற் பணியாளருமே என்பது என் வாசிப்பு. இன்றைய நிறுவனங்களில் இதற்கு நெருங்கிய உறவினரைத் தேடினால் ஆரம்ப சுகாதார நிலையத்தைக் காட்ட முடியாது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையைத்தான் காட்ட வேண்டும். அங்கே உள்ளே நுழைவதற்கான தகுதி நோய் மட்டும் அன்று. நோயோடு உறுப்புரிமையும் வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அது சாஸ்திரியின் நூலிலிருந்து வரவில்லை. கல்வெட்டின் எண்ணிக்கையிலிருந்தே வருகிறது. வேதக் கல்லூரி விடுதியில் உண்டவர்கள் ஏறத்தாழ 60 பேர். 60 பேருக்கு 15 படுக்கை என்பது நாலில் ஒருவர் எந்நாளும் நோயாளி என்று பொருள்படும். கொள்ளைநோய்க் காலத்துக்குக்கூட இது அதிகம். அப்படியானால் வெளியாரும் படுத்திருக்க வேண்டாமா? கோயிற் பணியாளரையும் அவர்தம் வீட்டாரையும் சேர்த்தால் விகிதம் இயல்புக்கு வரும் என்பது என் விடை. ஆனால் அந்த விடையைக் கல்வெட்டு உறுதி செய்யவில்லை. வெளியாரைத் தடுத்ததாகவும் அது சொல்லவில்லை. இந்த இடத்தில் இரு தரப்பும் அனுமானத்தில்தான் நிற்கிறோம். என் அனுமானம் கல்வெட்டின் அடுக்குமுறையை ஆதாரமாகக் கொள்கிறது, மறுதரப்பின் அனுமானம் 'ஆதுலர்' என்ற சொல்லை ஆதாரமாகக் கொள்கிறது என்பதே வேறுபாடு.

அந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வடமொழி 'ஆதுர' என்பதற்கு நோயுற்றவன் என்று பொருள். தமிழில் 'ஆதுலர்' என்றால் வறியவர் என்ற பொருளும் ஆழ வேரூன்றியிருக்கிறது. முப்பத்திரண்டு அறங்களின் பட்டியலில் ஆதுலர்சாலை ஓர் அறம். நோய்க்கு மருந்து என்பது அதே பட்டியலில் வேறோர் அறம். இரண்டும் தனித்தனியே எண்ணப்படுவதால் அங்கே ஆதுலர் வறியவரே. இந்தப் பொருளைத் திருமுக்கூடலுக்குக் கொண்டுபோனால், வீரசோழன் ஆதுலர்சாலை ஏழைகளுக்குத் திறந்த மருத்துவமனையாகிவிடும். அறவுணர்வு என்ற சாஸ்திரியின் முடிவும் நிலைத்துவிடும். ஆனால் கல்வெட்டு உள்ளே இருப்பவர்களை 'வியாதிப்பட்டுக் கிடப்பார்' என்றே குறிக்கிறது. வறுமையைக் குறிக்கும் அடைமொழி எதுவும் அங்கே இல்லை. 'ஆதுரர்' என்பதில் அடுத்தடுத்து வரும் இரு ரகரங்களில் ஒன்று லகரமாகத் திரிந்து 'ஆதுலர்' ஆகியிருக்க வேண்டும். நோயாளிக்கான சாலை என்ற நேர்ப்பொருளில் அது கல்லில் ஏறியிருக்க வேண்டும். வறியவர் என்ற பொருள் அறப்பட்டியல்களில் தனியே வலுப்பெற்றிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். எந்தப் பொருள் முந்தியது என்பது அப்பட்டியல்களின் காலத்தைப் பொறுத்தது. அக்காலம் இன்னும் உறுதிப்படவில்லை. ஒரு லகரத்தை நம்பி ஒரு பொதுமருத்துவ மரபையே எழுப்புவது கூடாது என்று மட்டும் இப்போது சொல்லலாம்.

இந்த வழக்கைத் திருமுக்கூடலில் நின்று பார்ப்பதைவிடப் பெருமுக்கல் மலையில் நின்று பார்ப்பது நல்லது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் எழும் இம்மலையிலும் சோழர் கல்வெட்டுகள் உண்டு. கிழக்கே உப்பளங்கள். சோழர் வரிகளில் உப்பாயம் ஒன்று. உப்பு விளைத்தவன் அரசுக்கு இறுத்தவன். 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கியபின் உண்பவர் எல்லோருமே இறுத்தார்கள். பாத்தியில் உப்பு வாருகிறவரின் கால் நாள் முழுக்க உப்புநீரில் ஊறி வெடிக்கிறது. வெண்மையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. திருமுக்கூடல் மருந்துப் பட்டியலில் கல்யாண லவணம் இருந்தது என்று முன்பே கண்டோம். லவணம் என்றால் உப்பு. அந்த உப்பு எந்த அளத்திலிருந்து போனது என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் உப்பு மருந்தாக நுழைந்த வாசலில் உப்பு வாரியவர் நோயாளியாக நுழைய முடிந்ததா என்று கேட்டுப் பார்த்தால் சாஸ்திரியின் சித்திரத்தில் இருக்கும் இடைவெளி தெரியும். பொதுப்பணத்தில் நடப்பதாலேயே ஒரு மருத்துவமனை பொதுவாகிவிடாது.

அந்த இடைவெளி அடைபடத் தொடங்கியது வெகு பின்னால். 1871ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டமும் 1884ஆம் ஆண்டு உள்ளாட்சி வாரியச் சட்டமும் ஊர்வரியைக் கொண்டு மருந்தகம் நடத்த வழி செய்தன. அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த இப்பகுதிக்கும் அந்த ஏற்பாடே பொருந்தியது. இந்த மருந்தகங்களில் மருந்து குறைவு, ஆள் குறைவு, தூரம் அதிகம். ஆயினும் 'நீ யாருடைய ஆள்' என்ற கேள்வி இல்லாமல் நோய் என்ற ஒரே தகுதியில் உள்ளே விடும் வாசல் என்ற எண்ணம் சட்டவடிவம் பெற்றது இங்கேதான். 1924ஐ ஒட்டி நீதிக்கட்சி ஆட்சியில் வந்த கிராம மருத்துவ உதவித் திட்டம் நடுவழி ஒன்றை முயன்று பார்த்தது. தனியார் மருத்துவருக்கு மானியம் கொடுத்துக் கிராமத்தில் குடியமர்த்துவது, ஏழைகளுக்கு அவர் இலவசமாகப் பார்ப்பது, மற்றவரிடம் கட்டணம் வாங்கிக்கொள்வது என்பது ஏற்பாடு. ஒரே மருத்துவர் ஒரே திண்ணையில் காசு தருபவரையும் தராதவரையும் பார்க்கும்போது யார் முதலில் கூப்பிடப்படுவார் என்ற கேள்வியைத் திட்டத்தால் விலக்க முடியவில்லை. 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. நோய் வருமுன் காப்பது அரசின் கடமை என்று அது விதித்தது. 1946இல், இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு, பணம் இல்லாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்ற கொள்கையை நாடு முழுமைக்கும் முன்வைத்தது. 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழுந்தன. தமிழ்நாட்டில் 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைந்து, அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி வழங்கத் தொடங்கியபோது திறந்த வாசலுக்குள் மருந்தும் இருக்கும் என்ற உறுதி வந்தது.

இந்த வரலாறு நேர்கோட்டில் முன்னே மட்டும் போகவில்லை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அரசுப் பணத்தைக் கொண்டு தனியார் மருத்துவமனையிலும் ஏழைக்குப் படுக்கை வாங்கித் தந்தன. இதய அறுவை போன்ற பெருஞ்செலவில் இத்திட்டங்கள் எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்தன. அதை மறுப்பது நேர்மையாகாது. நோயாளிக்குத் தெரிவு கிடைக்கிறது, போட்டியால் தரம் உயர்கிறது என்று சந்தை முறையை ஆதரிப்போர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வாதத்தின் முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. அட்டை, வருமான வரம்பு, பட்டியலில் உள்ள சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனை என்று உறுப்புரிமை வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டது. திருமுக்கூடலில் இருந்த நிலையான கூலி போய், செய்த சிகிச்சைக்கு இவ்வளவு என்ற கணக்கு வந்துவிட்டது. அந்தச் சோழர் மருத்துவமனையின் குறையை எடுத்துக்கொண்டு அதன் நிறையை விட்டுவிட்ட ஏற்பாடு இது என்று சொல்வது மிகையாகாது. உப்பு வாருகிறவரின் வெடித்த காலுக்கும் கூசும் கண்ணுக்கும் ஏறும் ரத்த அழுத்தத்திற்கும் இந்தப் பட்டியலில் பெரிதாக இடமில்லை. அவை அன்றாடம் பார்க்க வேண்டிய நோய்கள், படுக்கை வாங்கித் தீர்பவை அல்ல.

தமிழ்நாடு அரசே 2021 டிசம்பர் 18 அன்று, பெருமுக்கலுக்கு வெகு தொலைவில் இல்லாத மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இதற்கு மாறான சான்று. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், அட்டை உண்டா, வருமானம் என்ன என்று கேளாமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் அது இலவசமாக்கியது. பணம் தனியாருக்கும் போகிறது. ஆனால் வாசல் திறந்தே இருக்கிறது. ஆகவே அரசா, தனியாரா என்ற பிரிவினையே கடைசி அளவுகோல் ஆகாது. யார் பணம் தருகிறார், மருத்துவரின் வருவாய் எதில் ஏறுகிறது, உள்ளே வர என்ன தகுதி வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். திருமுக்கூடல் முதல் இரண்டுக்கும் நல்ல விடை வைத்திருந்தது; மூன்றாவதற்கு, என் வாசிப்பில், வைத்திருக்கவில்லை. மூன்றுக்கும் ஒருசேர விடை தேட முயன்றது, தேய்ந்த படிக்கட்டும் நீண்ட வரிசையும் கொண்ட அரசு மருத்துவமனை மட்டுமே.

சாஸ்திரி கோயிலில் கண்ட மனிதநேயத்தை நான் மறுக்கவில்லை. அது வாசலுக்கு உள்ளே இருந்தது என்றே சொல்கிறேன். வாசலுக்கு வெளியே நின்றவரையும் ஆதுலர் என்று எண்ணும் மரபு நமக்குக் கல்வெட்டில் கிடைத்த சொத்தாகத் தெரியவில்லை. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் வரி கட்டி நாமே கட்டியது. பாட்டன் சொத்து என்று அசட்டையாக விட்டுவிடாமல், நாம் கட்டியதை நாமே காப்போம்.